ஏபிஐ கோரிக்கைக்குக் கையொப்பமிடுவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சிங்கப்பூரில், சனிக்கிழமை மாலைகளில் சமூக மன்றத்தில் ஓர் அறை எடுத்து, பைத்தான் பழகுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே கணினித் துறைக்கு மாற நினைப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு மூன்று முறையாவது ஒரு வரி வந்து விழும்: "அண்ணே, 401 வருது." ஏபிஐ என்பது நம் நிரல் இன்னொருவரின் சர்வரிடம் வேலை கேட்கும் வாசல்; 401 என்பது 'நீ யாரென்று தெரியவில்லை' என்று அந்தச் சர்வர் மறுக்கும் எண். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பைத்தானை வைத்துத்தான் சொல்கிறேன். பிஹெச்பி, ரூபி, நோட் எதில் எழுதினாலும் இடறுகிற இடங்கள் இவையேதான். நிரல் வரிகளை வேண்டுமென்றே ஒட்டவில்லை. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியதால் வந்த வம்புதான் இங்கே பாதி.

டோக்கன் என்றால் வங்கி கொடுத்ததே, அந்தக் குட்டிப் பெட்டியா?

அதற்கு அண்ணன் தம்பி முறை. பொத்தானை அமுக்கினால் எண் காட்டும் அந்தச் சாதனத்தின் உள்ளே ஒரு ரகசியச் சாவி இருந்தது. எண் அதிலிருந்து பிறந்தது. பிறகு அது கைப்பேசிச் செயலிக்குள் போய்விட்டது. 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்ததும் இதைத்தான்: செயலியில் டோக்கன் வைத்திருப்பவர்கள் வங்கிக் கணக்கில் நுழைய இனி ஒருமுறை எண் அனுப்பப்படாது.

ஏபிஐ உலகில் டோக்கன் என்பது நீளமான ஒரு சரம், அவ்வளவுதான். நீங்கள் யார் என்று ஒரு முறை நிரூபித்தால் சர்வர் அதைக் கொடுக்கும். அடுத்த கோரிக்கைகளில் கடவுச்சொல்லுக்குப் பதில் அதைக் காட்டுவீர்கள்.

சாவி, டோக்கன், கையொப்பம்: மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஆவணத்தைப் படித்தால் ஒரு வரிகூடப் புரியாது.

வெறும் சாவிக்கு நம் ஊர் எடுத்துக்காட்டு, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால். பதிவுசெய்தால் ஓர் அக்கவுண்ட் கீ தருவார்கள். ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும் (கோரிக்கையின் தலைப்புப் பகுதி) அதை வைத்து, நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்தால் பேருந்து எப்போது வரும் என்று பதில் வரும். கையொப்பம் கிடையாது. புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கே தொடங்குவதே நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 01012 போல சுழியத்தில் தொடங்கும் நிறுத்தங்கள் இருக்கின்றன. அதை எண்ணாக மாற்றினால் 1012 ஆகி, நிறுத்தமே காணாமல் போய்விடும். கையொப்பத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். நீங்கள் நினைத்த சரமும் கம்பியில் போன சரமும் வேறாக இருப்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க வரப்போகிற வியாதி.

தற்காலிக டோக்கனுக்கு ஒன்மேப். நில ஆணையத்தின் இந்த வரைபடச் சேவையில் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அனுப்பினால் டோக்கன் கிடைக்கும். மூன்று நாள் செல்லும். அப்புறம் புதிது வாங்க வேண்டும்.

கையொப்பம் வேறு இனம். அதில் ரகசியத்தை அனுப்புவதே இல்லை. ரகசியத்தை வைத்து அந்தக் கோரிக்கைக்கென்றே ஒரு முத்திரை செய்து, முத்திரையை மட்டும் அனுப்புகிறோம். ஓஆத் 1 (ஒரு செயலிக்கு நம் கணக்கைத் தொட அனுமதி தரும் தரம்), அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸ் இரண்டும் இப்படித்தான். பல இடங்களில் டோக்கனும் கையொப்பமும் சேர்ந்தே வரும்: டோக்கன் ஆளைச் சொல்லும், கையொப்பம் கோரிக்கையை யாரும் தொடவில்லை என்று சொல்லும்.

பேரர் டோக்கன் போதாதா? ஹெச்டிடிபிஎஸ்தான் இருக்கிறதே?

பெரும்பாலான வேலைக்குப் போதும். ஆனால் 'பேரர்' என்பதன் பொருளைப் பாருங்கள்: கையில் வைத்திருப்பவர். உங்கள் ஈஸிலிங்க் கார்டு தேக்கா சந்தையில் விழுந்தால், எடுத்தவர் அதைத் தட்டிவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுவார், கருவி "நீங்கள்தானா?" என்று கேட்காது. பேரர் டோக்கனும் அப்படியே. வழியில் யாரும் பறிக்காமல் ஹெச்டிடிபிஎஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் டோக்கன் பெரும்பாலும் வழியில் தொலைவதில்லை. லாக் கோப்பில், பிழை அறிக்கையில், குழுவில் பகிர்ந்த திரைப்பிடிப்பில் தொலைகிறது.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 2010-இல் தரமாக வெளிவந்த ஓஆத் 1 கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது. நிரலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2012 அக்டோபரில் வந்த ஓஆத் 2 அதைக் கைகழுவிவிட்டு, ஹெச்டிடிபிஎஸ்ஸை நம்பி பேரர் டோக்கனுக்கு மாறியது. ஓஆத் 1-ஐத் தொகுத்த எரன் ஹேமர் அந்த ஆண்டு ஜூலையிலேயே கோபித்துக்கொண்டு குழுவிலிருந்து விலகினார். அப்புறம் என்ன ஆயிற்று? 2023-இல் டோக்கனைச் சாவியோடு கட்டிவைக்கும் டிபாப் தரம் வந்தது. 2024-இல் ஹெச்டிடிபி செய்திகளுக்குக் கையொப்பமிடவே தனித் தரம் வந்தது. வெளியே அனுப்பிய கையொப்பம் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

கையொப்பம் உண்மையில் எப்படித்தான் உருவாகிறது?

பேனாவால் போடுகிற கையெழுத்து எந்தத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கும். இது தாளுக்குத் தாள் மாறும். தாளில் ஒரு புள்ளி மாறினாலும் முழுக்க மாறும்.

முதலில் கோரிக்கையின் முக்கியப் பகுதிகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கி ஒரே சரமாக்க வேண்டும். இதை அடிச்சரம் என்று சொல்வோம். புரிவதற்காகத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

போஸ்ட்
/டெலிவரி/புதியது
ஆர்டர்=4471&எண்ணிக்கை=12
1735689600
48210937

முதல் வரி, செய்யும் வேலை. அடுத்தது பாதை. பிறகு அகரவரிசையில் அடுக்கிய மதிப்புகள். நான்காவது, நேரம். கடைசியில் ஒருமுறை மட்டும் பயன்படும் எண். அதை நான்ஸ் என்பார்கள். எந்த வரி எங்கே வரும், நடுவில் புதுவரிக் குறியா '&' குறியா என்பதெல்லாம் சேவைக்குச் சேவை மாறும். அந்தச் சேவையின் ஆவணம் சொல்வதுதான் வேதம்.

இந்தச் சரத்தையும் ரகசியச் சாவியையும் ஹெச்மேக் என்ற செய்முறைக்குள் போட்டால் கையொப்பம் வரும். க்ராவ்சிக், பெல்லாரே, கனெட்டி மூவரும் எழுதி 1997-இல் இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. இன்றும் அசைக்க முடியாமல் நிற்கிறது. எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷோடு (எந்தச் சரத்தையும் ஒரே நீளமாக அரைத்துத் தரும் கணக்கு) பயன்படுத்தினால் விடை எப்போதும் 32 பைட். சர்வரிடமும் அதே சாவி இருக்கிறது. அது தன் பக்கத்தில் அடிச்சரத்தைத் தானே கட்டி, ஹெச்மேக் போட்டு, உங்களுடையதோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் உள்ளே, இல்லையென்றால் 401.

சாவியையும் செய்தியையும் ஒட்டிவைத்து நேரடியாக ஹேஷ் போட்டால் ஆகாதா என்று எங்கள் ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. படங்களைப் பகிரும் ஃப்ளிக்கர் தளம், எம்டி5 என்ற பழைய ஹேஷை வைத்து அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. சாவியே தெரியாமல் செய்தியின் வாலை நீட்டிக் கையொப்பத்தைப் போலியாக்கலாம் என்று 2009-இல் இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஹெச்மேக் இரண்டு அடுக்காக ஹேஷ் போடுவதால் அந்த வேலை பலிக்காது.

ஆவணத்தில் உள்ளபடியே செய்தேன். 'கையொப்பம் பொருந்தவில்லை' என்கிறது. சாவி தப்போ?

சாவி அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். எல்லாரும் முதலில் சாவியைத்தான் சந்தேகிக்கிறார்கள். புதிது வாங்குகிறார்கள், அதுவும் பொருந்தாது. தப்பு பத்தில் ஒன்பது முறை அடிச்சரத்தில் இருக்கும். நீங்கள் கட்டியதும் சர்வர் கட்டியதும் ஒரு பைட் வேறுபட்டால் போதும். ஹேஷ் "கிட்டத்தட்டச் சரி" என்று சொல்லாது.

அடிச்சரத்தை அச்சிடுங்கள். சாதாரணமாக அச்சிட்டால் புதுவரிக் குறியும் இடைவெளியும் கண்ணுக்குத் தெரியாது. பைத்தானில் ரெப்ர் (repr) போட்டு, மேற்கோள் குறிகளோடு அச்சிட வேண்டும். கூடவே அதன் பைட் எண்ணிக்கையையும். சில சேவைகள் பிழைச் செய்தியிலேயே தாங்கள் கட்டிய அடிச்சரத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 அப்படி அனுப்புகிறது. பலர் அந்தச் செய்தியின் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இடைவெளியில் மாட்டுவது மிக அதிகம். இணைய முகவரியில் 'செராங்கூன் ரோடு' என்று வந்தால் நடுவில் உள்ள இடைவெளி, விழுக்காட்டுக் குறியோடு 20 ஆக மாற வேண்டுமா, கூட்டல் குறியாக மாற வேண்டுமா? ஓஆத் 1-க்கு முன்னதுதான். பைத்தானின் கோட் (quote) செயற்கூறு அப்படிச் செய்யும். கோட் பிளஸ் (quote_plus) கூட்டல் குறி போடும். இன்னொன்று, கோட் இயல்பாகச் சாய்கோட்டைத் தொடாமல் விட்டுவிடும். ஓஆத் 1-இல் அதையும் மாற்றியாக வேண்டும்.

அடுத்து, விடையின் நீளத்தைப் பாருங்கள். எஸ்ஹெச்ஏ-256 கையொப்பம் பதினாறடிமான எண்ணாக இருந்தால் 64 எழுத்து, பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்தாக எழுதும் முறை) ஆக இருந்தால் 44 எழுத்து. உங்களுடையது 88 எழுத்தா? பதினாறடிமானமாக மாற்றியதை மறுபடி பேஸ்64-க்குள் போட்டிருக்கிறீர்கள். ஹெக்ஸ்டைஜெஸ்ட் என்று எழுதிய இடத்தில் டைஜெஸ்ட் என்று இருக்க வேண்டும். போன மாதம் மட்டும் இரண்டு பேர் இப்படி வந்தார்கள். நீளத்தைக் கேட்டவுடன் சொல்லிவிட்டேன், ஏதோ ஜோசியம் பார்த்தது போல வியந்தார்கள்.

சாவியைக் கோப்பிலிருந்து படித்தால் கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டு வரும், ஸ்ட்ரிப் போடுங்கள். சில சேவைகள் சாவியையே பேஸ்64 ஆகத் தரும். பயன்படுத்துமுன் அவிழ்க்க வேண்டும். நேரத்தை நொடியில் கேட்கிறார்களா மில்லிநொடியிலா? 10 இலக்கம் என்றால் நொடி, 13 என்றால் மில்லிநொடி.

தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் பொருந்தவில்லை. ஏபிஐ தமிழை ஏற்காதோ?

இந்தக் கேள்விக்கு நானே ஒரு தீபாவளி வாரத்தைத் தொலைத்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவரின் பலகாரக் கடைக்கு, ஆர்டர்களை ஒரு கூரியர் நிறுவனத்தின் ஏபிஐக்கு அனுப்பும் நிரல் எழுதிக் கொடுத்தேன். முறுக்கு போனது. அதிரசம் போனது. ஜாங்கிரியும் போனது. கொழுக்கட்டை மட்டும் திரும்பி வந்தது. மோதகமும் அப்படியே. "பிள்ளையார் பலகாரத்தை மட்டும் ஏன்டா தடுக்குறான்?" என்று கடைக்காரம்மா கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

காரணம் கொம்பு. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு ஒரு குறியீடு, கால் இன்னொரு குறியீடு என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பைட்டில் ஒன்றல்ல. 'கொழுக்கட்டை' முதல் முறையில் 33 பைட், இரண்டாம் முறையில் 36. கடையின் பழைய பட்டியல் ஏதோ பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது, அதில் கொம்பும் காலும் பிரிந்தே கிடந்தன. என் நிரல் பட்டியலில் இருந்த சரத்துக்குக் கையொப்பமிட்டது. அனுப்பும்போது இன்னொரு செயற்கூறு அதைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி அனுப்பியது. முறுக்கில் ஒகரமும் இல்லை, ஓகாரமும் இல்லை, அதனால் தப்பித்தது. குற்றம் முழுக்க என்னுடையது. இரண்டு நாள் கூரியர் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தீர்வு: தரவு உள்ளே வரும் வாசலிலேயே யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் கொண்டு என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு யாரும் சரத்தைத் தொடக் கூடாது.

தரவை எழுத்தாக்கி அனுப்பும் வடிவமான ஜேசானில் இன்னொரு பொறி. பைத்தானின் ஜேசான் டம்ப்ஸ் இயல்பாகவே தமிழின் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றையும் பின்சாய்கோட்டோடு தொடங்கும் ஆறு ஆஸ்கி (ஆங்கில) எழுத்தாக மாற்றும். 'தேக்கா' என்ற சொல் யூடிஎஃப்-8இல் 18 பைட். இப்படி மாற்றினால் 36. முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு வந்தால் 54. மூன்றும் சட்டப்படி சரியானவை, மூன்றுக்கும் கையொப்பம் வேறு வேறு. ஒன்றுக்குக் கையொப்பமிட்டு இன்னொன்றை அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் கையொப்பமிட்டதும் அனுப்பியதும் ஒன்றுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

பைத்தானில் கோரிக்கை அனுப்பப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஆத்பேஸ் என்ற வகுப்பிலிருந்து உங்கள் வகுப்பை உருவாக்கி, அதன் கால் (__call__) செயற்கூறுக்குள் கையொப்பமிடுங்கள். முகவரி, ஹெடர், உள்ளடக்கம் எல்லாம் தயாரான பிறகு, கடைசியாகத்தான் லைப்ரரி இதை அழைக்கும். அப்போது உங்கள் கையில் இருப்பது கம்பியில் போகப்போகிற அதே பைட்டுகள். வெளியே ஜேசானைத் தனியாகக் கட்டி ஹேஷ் போட்டுவிட்டு, அகராதியை லைப்ரரியிடம் தனியாகக் கொடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இருந்தாலும் கதை முடிந்தது.

மடிக்கணினியில் 401, கிளவுட் சர்வரில் அதே நிரல் ஓடுகிறது. என்ன மாயம்?

மாயம் இல்லை, எட்டு மணி நேரம். யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தைக் கேட்க யூடிசிநௌ என்று எழுதி, அதன்மேல் டைம்ஸ்டாம்ப் போட்டிருப்பீர்கள். யூடிசிநௌ தரும் நேரத்தில் நேர மண்டலம் பற்றிய குறிப்பு இருக்காது. டைம்ஸ்டாம்ப் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர் நேரத்தில் ஓடும் மடிக்கணினியில் விடை சரியாக 28,800 நொடி பின்தங்கி வரும். சர்வரின் கடிகாரம் யூடிசியிலேயே இருப்பதால் அங்கே தப்பு தெரியாது. பைத்தான் 3.12 முதல் யூடிசிநௌ கைவிடப்பட வேண்டியது என்று எச்சரிக்கை வருகிறது. நொடிக் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் டைம் தொகுதியின் டைம் போதும்; அதற்கு மண்டலக் குழப்பமே இல்லை.

வித்தியாசம் 19,800 நொடியா? அப்படியென்றால் எங்கோ சென்னை நேரம் நுழைந்திருக்கிறது, ஐந்தரை மணி. நாமும் ஏழரை மணி நேரக் கணக்கில்தான் இருந்தோம். 1982 ஜனவரி 1 முதல் எட்டு. அந்த அரை மணி நேரத்தை அன்றே ஒழித்துக்கட்டியவர்களுக்கு நன்றி.

காலை எட்டு மணிக்குள் மட்டும் தோற்கிறது, அப்புறம் தானாகச் சரியாகிவிடுகிறது?

கையொப்பத்தில் தேதி சேரும் சேவையாக இருக்கும். அமேசானின் நான்காம் பதிப்புக் கையொப்பம் ரகசியச் சாவியை நேரடியாகப் பயன்படுத்தாது. முதலில் தேதி, பிறகு சர்வர் இருக்கும் வட்டாரம், பிறகு சேவை, கடைசியாக ஒரு நிலையான சொல் என்று நான்கு முறை ஹெச்மேக் போட்டு, அன்றைக்கு மட்டும் செல்லும் ஒரு சாவியை வடித்தெடுக்கும். அந்தத் தேதி யூடிசி தேதி. மேலே எழுதிய 1735689600 என்பது யூடிசியில் 2025 ஜனவரி 1 நள்ளிரவு. நமக்கு அப்போது காலை எட்டு. அதற்கு ஒரு நொடி முன்னால் இங்கே புத்தாண்டு, அங்கே இன்னும் பழைய ஆண்டு. உள்ளூர்த் தேதியைப் போட்டால் நள்ளிரவிலிருந்து எட்டு மணி வரை நாளைய சாவியோடு நிற்பீர்கள். இரவு வேலையாக ஓடும் நிரல்களில் இது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

கடிகாரம் எவ்வளவு பிசகலாம்?

சேவையைப் பொறுத்தது. எஸ்3-க்கு 15 நிமிடம் வரை. ராஸ்பெரி பை போன்ற சிறு பலகைகளில் மின்சாரம் போய்வந்தால் கடிகாரம் பின்தங்கிவிடும். நிரலைத் தொடங்குமுன் நேரம் ஒத்திசைந்துவிட்டதா என்று பாருங்கள்.

நான்ஸ் எதற்கு? அது இல்லாமலும் கையொப்பம் சரியாகத்தானே இருக்கும்?

சரியாக இருப்பதுதான் பிரச்சினை. உங்கள் கோரிக்கையை யாராவது அப்படியே பதிவுசெய்து மறுபடி அனுப்பினால் கையொப்பம் அப்போதும் சரி. பன்னிரண்டு டப்பா முறுக்கு இரண்டாவது முறையும் கிளம்பும். நான்ஸை ஒருமுறை பார்த்த சர்வர் மறுமுறை ஏற்காது. நேரக்குறியும் சேர்ந்திருப்பதால் பழைய நான்ஸ்களை என்றென்றும் நினைவில் வைக்க வேண்டியதும் இல்லை. நான்ஸைச் சீக்ரெட்ஸ் தொகுதியிலிருந்து எடுங்கள், ரேண்டமிலிருந்து வேண்டாம்.

இதில் ஒரு பக்க விளைவு. இணைப்பு அறுந்தால் தானாக மறுமுயற்சி செய்யும் வசதியை ரிக்வெஸ்ட்ஸில் பலர் போட்டு வைத்திருப்பார்கள். அது பழைய ஹெடரையே, பழைய நான்ஸோடு, மறுபடி அனுப்பும். முதல் கோரிக்கை சர்வரை அடைந்து பதில் மட்டும் தொலைந்திருந்தால், இரண்டாவது நிராகரிக்கப்படும். மறுமுயற்சியை உங்கள் நிரலிலேயே வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையொப்பமிடுங்கள்.

டோக்கன் காலாவதியானால் நிரல் செத்துவிடுகிறது.

டோக்கனோடு காலாவதி நேரமும் வரும். அதையும் சேமித்து, முடிய ஓரிரு நிமிடம் இருக்கும்போதே புதிது வாங்குங்கள். அப்படியும் 401 வந்தால் ஒரே ஒரு முறை புதுப்பித்து முயலுங்கள். 'வெற்றி கிடைக்கும் வரை' என்று சுழல விட்டால் 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய்' என்ற 429 வரும், பிறகு கணக்கே முடங்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது டோக்கன் வாங்குகிற நிரலையும் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் செல்லும் டோக்கனை மூன்று நொடிக்கு ஒரு முறை வாங்குவானேன்?

ஜேடபிள்யூடி (ஜேசான் தகவலைச் சுமந்துவரும் டோக்கன்) வகை டோக்கனுக்குள் அடையாள அட்டை எண்ணை வைக்கலாமா? மறையாக்கம்தான் செய்திருக்கிறதே?

வைக்காதீர்கள். வழக்கமாகப் பார்க்கும் ஜேடபிள்யூடியில் மறையாக்கம் கிடையாது. புள்ளிகளால் பிரிந்த மூன்று துண்டுகளில் நடுத்துண்டை எவரும் பேஸ்64-லிருந்து அவிழ்த்துப் படிக்கலாம். கையொப்பம், மாற்றவில்லை என்பதற்குத்தான் சாட்சி; மறைக்காது. போகிறபோக்கில் இன்னொன்று: சரிபார்க்கும்போது எந்தச் செய்முறையை ஏற்பது என்று நீங்களே சொல்லுங்கள். டோக்கன் தன் தலைப்பில் "எனக்குக் கையொப்பமே வேண்டாம்" என்று எழுதிக்கொண்டு வந்தால் அதையும் நம்பிய லைப்ரரிகள் ஒரு காலத்தில் இருந்தன.

சிங்பாஸ் (அரசின் மின்னடையாளச் சேவை) இணைப்பில் பொதுச் சாவி கேட்கிறார்கள். ஹெச்மேக் இல்லையா?

இல்லை. ஹெச்மேக்கில் ஒரே ரகசியம் இரு பக்கமும் இருக்கிறது. யார் கையொப்பமிட்டது என்று பிறகு வழக்கு வந்தால் இருவருமே "நான் இல்லை" என்று சொல்லலாம். சாவி இணை முறையில் தனிச் சாவி உங்களைவிட்டு நகர்வதே இல்லை. பொதுச் சாவியை மட்டும் அவர்களிடம் கொடுக்கிறீர்கள்; அதை வைத்துச் சரிபார்க்கலாம், கையொப்பமிட முடியாது. மற்றபடி அடிச்சரம், நேரம், பைட் எல்லாத் தொல்லையும் அப்படியே.

ஹெடரில் நான் வைத்த டோக்கன் வேறாகப் போகிறது!

உங்கள் கணினியில் நெட்ஆர்சி கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் அந்தத் தளத்துக்குப் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால், நீங்கள் ஹெடரில் வைத்ததை ரிக்வெஸ்ட்ஸ் தூக்கிவிட்டு அதைப் போடும். டோக்கன் முழுக்கக் காணாமல் போனால், சர்வர் உங்களை வேறு தளத்துக்குத் திருப்பிவிட்டிருக்கும். தளம் மாறினால் ஆத்தரைசேஷன் ஹெடரை ரிக்வெஸ்ட்ஸ் கழற்றிவிடும். அது நல்லதற்கே.

சாவியை எங்கே வைப்பது?

நிரலுக்குள் வேண்டாம். சூழல் மாறியில், அல்லது நிறுவனம் வைத்திருக்கும் ரகசியப் பெட்டகத்தில். தவறிப்போய், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) ஏற்றிவிட்டு அடுத்த கமிட்டில் (பதிவில்) அழித்தால் போகாது, வரலாற்றில் இருக்கும். ஒரே வழி, சாவியை ரத்துசெய்து புதிது வாங்குவது. வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போடாதீர்கள். வாடிக்கையாளர் தகவலைத் திறக்கும் சாவி என்றால் இது வெறும் தொழில்நுட்ப விஷயமும் இல்லை. 2021 பிப்ரவரி 1 முதல், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்டபின் மூன்று நாள்தான் அவகாசம். உங்கள் மேலாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

கையொப்ப நிரலை நானே எழுத வேண்டுமா?

பழகுவதற்கு ஒரு முறை எழுதுங்கள். வேலைக்கு, சேவை தரும் லைப்ரரி இருந்தால் அதையே எடுங்கள். அமேசானே தரும் போட்டோகோர் லைப்ரரி இருக்கும்போது அமேசான் கையொப்பத்தைக் கையால் எழுதுவது, வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது. நீங்களே சர்வர் பக்கம் எழுதுவதாக இருந்தால் ஒன்று: கையொப்பங்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். முதல் வேறுபாட்டிலேயே அது நின்றுவிடும், நிற்கும் நேரத்தை அளந்தே எழுத்தெழுத்தாக ஊகிக்க வழியுண்டு. ஹெச்மேக் தொகுதியில் கம்பேர் டைஜெஸ்ட் அதற்காகவே இருக்கிறது.

401-க்கும் 403-க்கும் என்ன வித்தியாசம்?

401: நீ யாரென்றே தெரியவில்லை. 403: தெரியும், ஆனால் இந்தக் கதவு உனக்கில்லை. 403 வந்தால் முதலில் அனுமதிகளைப் பாருங்கள். எஸ்3 போன்ற சில சேவைகள் கையொப்பம் பொருந்தாதபோதும் 403-தான் தரும்; அதனால் எண்ணோடு நிற்காமல் செய்தியையும் படியுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன், இன்னும் வரவில்லை. குழுவில் கேட்கலாமா?

தாராளமாக. ரெப்ர் போட்டு அச்சிட்ட அடிச்சரம், அதன் பைட் எண்ணிக்கை, கையொப்பத்தின் நீளம், நிரல் அனுப்பிய நேரக்குறி, சர்வர் பதிலின் டேட் ஹெடர், பிழைச் செய்தி முழுக்க: இவ்வளவும் இருந்தால் பேருந்தில் நின்றுகொண்டே பதில் சொல்லிவிடுவேன். திரைப்பிடிப்பாக வேண்டாம், எழுத்தாக ஒட்டுங்கள். படத்தில் பைட்டை எண்ண முடியாது. சாவியை அனுப்பாதீர்கள். போன வாரம் சாவியோடு சேர்த்தே ஒட்டிய தம்பி, இதைப் படித்தால், முதலில் அதை ரத்துசெய்துவிட்டு வா.